ஒரு மலையும் ஆறு படங்களும்

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தேசப் படத்தைப் பார்த்துப் பூகோளம் கற்றவர்கள் நாம். அந்தப் படத்தில் வடக்கு மேலே இருக்கும். தெற்கு கீழே இருக்கும். கடல் நீலமாகவும் மலை பழுப்பாகவும் இருக்கும். பிரம்மதேவன் உலகத்தைச் சிருஷ்டித்த அன்றே இவற்றையும் விதித்துவிட்டான் என்றுதான் சிறு வயதில் நமக்குத் தோன்றியது. உண்மையில் வடக்கை மேலே வைத்தவன் மனிதன். எதைப் பெரிதாகப் போடுவது, எதைச் சிறிதாகப் போடுவது, எதை அடியோடு விட்டுவிடுவது என்று தீர்மானித்தவனும் அவனே. ஆகையால் ஒரு தேசப் படத்தைக் கையில் எடுத்தால் அதில் தேசம் மட்டும் தெரிவதில்லை. அதை எழுதியவனுடைய மனமும் தெரிகிறது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியா நகரத்தில் தாலமி என்ற கிரேக்க அறிஞர் இருந்தார். அவர் தந்த அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்குகளைக் கொண்டு பிற்காலத்தார் வரைந்த உலகப் படத்தில் நம் தென்னாட்டைத் தேடினால் திகைத்துப் போவோம். குமரி முனை வரை கூர்மையாக இறங்க வேண்டிய தீபகற்பத்தை அதில் காணோம்! கடற்கரை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. இலங்கையோ தன் உண்மையான அளவைப் போலப் பல மடங்கு ஊதிப் பெருத்து நிற்கிறது. ஆனாலும் பாண்டியனுடைய ராஜதானி மதுரை என்பது தாலமிக்குத் தெரிந்திருக்கிறது. காவேரி கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு துறைமுகம் இருந்ததும் தெரிந்திருக்கிறது. காரணம் வெளிப்படை. அவருக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் மாலுமிகளும் வர்த்தகர்களும். முத்தும் மிளகும் எங்கே கிடைக்கும் என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். நிலம் எப்படி வளைகிறது என்பதைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை. அந்தப் படத்தில் பூகோளம் பிழையாக இருக்கிறது. சரித்திரம் சரியாக இருக்கிறது.

இந்த விநோதத்தைக் காண அலெக்ஸாண்டிரியா வரை போக வேண்டியதில்லை. திருவண்ணாமலைக்குப் போனால் போதும். சுமார் 2,670 அடி உயரமுள்ள அந்த ஒரே மலையையும் அதைச் சுற்றியுள்ள பூமியையும் பல காலத்தில் பல பேர் பல விதமாகப் படம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஆறு படங்களை மட்டும் வாசகர்களுக்கு இங்கே விரித்துக் காட்ட விரும்புகிறோம். ஆறாவது படத்தை எழுதியது மனிதர் அல்ல.

காலால் எழுதிய படம்

முதற் படத்துக்குக் காகிதமும் இல்லை, மையும் இல்லை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வெறுங் காலால் நடந்து அதைப் புதுப்பித்துக் கொண்டிருக்கிறார்கள். அதுதான் கிரிவலம்.

மலையைச் சுற்றிப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பழைய கணக்கில் ஏறக்குறைய ஒன்பது மைல். கிழக்கே கோயிலுக்கு அருகில் இந்திர லிங்கம். அங்கிருந்து வலமாகப் புறப்பட்டால் தென்கிழக்கில் அக்னி லிங்கம், தெற்கில் யம லிங்கம், தென்மேற்கில் நிருதி லிங்கம், மேற்கில் வருண லிங்கம், வடமேற்கில் வாயு லிங்கம், வடக்கில் குபேர லிங்கம், வடகிழக்கில் ஈசானிய லிங்கம் என்று எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள். மாலுமியின் திசைகாட்டியில் எட்டு முனைகள் இருப்பது போல, இந்த மலையும் நிலத்தில் பதித்த ஒரு பெரிய திசைகாட்டியாக நிற்கிறது. கோணமானி கொண்டு அளந்தால் இம்மியளவும் பிசகாது என்று நாம் சொல்ல வரவில்லை. படிப்பறியாத கிழவி ஒருத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் எட்டுத் திசைகளையும் அவற்றின் பெயர்களோடு மனத்தில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். எந்தப் பூகோள ஆசிரியர் இதைவிட நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட முடியும்?

இந்தப் படம் நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது என்பதைச் சகோதரிகளுக்கு நினைவூட்ட வேண்டுமா? அடுப்பு இருக்க வேண்டியது அக்னி மூலை; பூஜைக்கு ஈசானிய மூலை; தென்மேற்கைக் கன்னி மூலை என்கிறோம். மலையைச் சுற்றி ஒன்பது மைலுக்கு விரிந்து கிடக்கும் படமும், நாற்பதடி வீட்டுக்குள் அடங்கியிருக்கும் படமும் ஒன்றேதான். அளவுதான் வேறு.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. காகிதப் படம் மேலே பறக்கும் பருந்தின் பார்வையில் எழுதப்படுவது. ஊரை அது ஒரே கணத்தில் காட்டிவிடும். கிரிவலப் படமோ நடக்கிறவனுடைய பார்வையில் எழுதப்படுவது. ஒவ்வொரு திருப்பத்திலும் மலை தன் உருவத்தை மாற்றிக் கொள்கிறது. கிழக்கிலிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரமாகத் தோன்றும் மலை, வேறு இடத்திலிருந்து பல முகடுகளாகப் பிரிந்து தோன்றுகிறது. மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலைக்குப் போகிறவன், ஊரில் நின்றபோது தான் கண்டது மலையில் பாதிதான் என்பதை உணர்கிறான்.

சொல்லால் எழுதிய படம்

நடந்து எல்லை காணும் இந்த வழக்கம் பக்திக்கு மட்டும் உரியதன்று, ராஜாங்கத்துக்கும் உரியதாயிருந்தது. சோழ மன்னர்கள் ஒரு கிராமத்தைத் தானம் செய்தபோது, பெண் யானை ஒன்றை அதன் எல்லை வழியே நடத்திச் சென்றார்கள். யானை நடந்த சுவட்டிலே கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்தார்கள். பிறகு அந்த எல்லையைச் செப்பேட்டில் வார்த்தைகளாலேயே எழுதினார்கள். இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன ஏரிக் கரைக்கு மேற்கு, இன்னாருடைய வயலுக்கு வடக்கு என்று நான்கெல்லையும் அடி பிசகாமல் சொல்லிக்கொண்டு போவார்கள்.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய பௌத்த விஹாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த சாஸனம் இத்தகைய எழுத்துப் படங்களில் பிரசித்தி பெற்றது. அந்தச் செப்பேடுகள் கடல் கடந்து ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தமிழ்நாட்டு வாய்க்காலையும் வரப்பையும் சொல்லும் சாஸனம் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற விந்தை இப்படி நேர்ந்தது.

இந்த வழக்கம் இறந்துவிடவில்லை. நம் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். இன்னார் மனைக்குக் கிழக்கு, பொதுப் பாதைக்கு வடக்கு என்று நான்கெல்லை அதில் எழுதியிருக்கும். ராஜராஜன் காலத்துப் படம் எழுதும் முறை நம் பெட்டிக்குள் முத்திரைத் தாளில் இன்றும் உயிரோடிருக்கிறது.

இந்தச் சொற்படங்களில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் மிகுதியாக வருவன வாய்க்கால், மதகு, ஏரி, குளம், ஓடை ஆகிய நீர்ப் பெயர்கள். சோழ நாட்டு அதிகாரி ஊரைப் பார்த்தபோது, தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் பார்த்தான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

சங்கிலியால் எழுதிய படம்

1767-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோஸப் ஸ்மித்தின் கீழ்க் கும்பினிப் படை மறு பக்கம் என்று திருவண்ணாமலை அருகே பெரும் போர் நடந்தது. அந்தப் போரைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் ஊரின் பெயரைத் ‘திரினோமலி’ என்று சிதைத்தார்கள். இலங்கைத் திருக்கோணமலையை அவர்கள் ‘டிரிங்கோமலி’ ஆக்கியிருந்தார்கள். இரண்டு திருத்தலங்களும் அந்நியர் நாவில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன! படை நடத்துகிறவனுக்கு ஸ்தல புராணம் வேண்டியதில்லை. கணவாய் எங்கே, அரிசி எங்கே, தண்ணீர் எங்கே என்பவைதான் வேண்டும். அக்காலத்துக் கும்பினிப் படங்கள் பலவும் இப்படிப் படை நடந்த வழிகளைக் கோத்துக் கட்டியவையே. வழியில் அகப்பட்ட ஊர் படத்தில் ஏறியது. அகப்படாத ஊர் வெற்றிடமாக நின்றது.

இந்த வெற்றிடங்களை நிரப்பக் கும்பினியார் இரண்டு காரியங்கள் செய்தார்கள். 1794-ஆம் வருஷத்தில் மைக்கேல் டாப்பிங் என்பவரைக் கொண்டு சென்னையில் ஒரு சர்வேப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதுவே வளர்ந்து கிண்டி எஞ்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று. பிறகு 1802-ஆம் வருஷத்தில் பரங்கி மலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை நூறு அடி எஃகுச் சங்கிலியால் வில்லியம் லாம்டன் அளக்கத் தொடங்கினார். அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகப்பட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அது.

அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து, மலையுச்சிக்கு மலையுச்சி முக்கோணம் முக்கோணமாகக் கோணம் அளந்துகொண்டே போனார்கள். மலையில்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களே மலைகளாயின. 1808-ஆம் வருஷத்தில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, பல வாரங்கள் பாடுபட்டுத் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். கீழ்க்கடலிலிருந்து மேல்கடல் வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தபோது, அதுவரை 400 மைல் அகலம் என்று நினைத்திருந்த தென்னாடு 360 மைல்தான் என்று தெரிய வந்தது. பழைய படங்கள் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது மைல் நிலத்தைச் சிருஷ்டித்திருந்தன!

பிற்பாடு ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமை வகித்தபோது, பகல் வெளிச்சத்தில் தூசியும் கானலும் கண்ணை மறைத்ததால், மலையுச்சிகளில் இரவு விளக்குகளை ஏற்றி வைத்துக் கோணம் அளந்தார்கள். மலையுச்சியில் ஏற்றிய விளக்கு நெடுந்தூரம் தெரியும் என்பது கார்த்திகைத் தீபம் கண்ட நம்மவருக்குப் புதுச் செய்தியா? அண்ணாமலை உச்சியில் கொப்பரையில் எரியும் சுடரைப் பார்த்து, சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டு விளக்கை ஏற்றுகிறார்கள். மலைக்கும் வீட்டுக்கும் இடையே அந்த ஒரு வேளையில் ஓடும் பார்வைக் கோடுகளும் ஒரு சர்வேதான்.

அந்நியர்களுடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை; காட்டு ஜுரத்தில் மடிந்தவர்கள் அவர்களில் பலர். ஆனால் அவர்களோடு உழைத்த நம்மவர்களின் பெயர் படத்தில் ஏறவில்லை என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது. உலகத்திலேயே உயர்ந்த சிகரம் இதுவென்று 1852-ஆம் வருஷத்தில் கணக்கிட்டுச் சொன்னவர் வங்காளியான ராதாநாத் சிக்தார். சிகரத்துக்குக் கிடைத்த பெயரோ எவரெஸ்ட்! குமாவூன் மலைநாட்டு நயின் சிங் 1865-ஆம் வருஷத்தில் யாத்திரிகர் வேஷத்தில் திபெத்துக்குள் நுழைந்தார். சம அளவாக அடி வைத்து நடக்கப் பழகி, நூறு அடிக்கு ஒரு மணி உருட்டினார். அதற்காகவே 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையை 100 மணியாகக் கோத்திருந்தார்கள்; குறிப்புக் காகிதங்கள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளிந்திருந்தன. அப்படியே லாஸா நகரம் வரை நடந்து அளந்துவந்த அவருக்கு 1877-ஆம் வருஷத்தில் லண்டன் பூகோள சங்கத்தார் தங்கப் பதக்கம் அளித்தார்கள். காலால் எழுதும் படமும் கருவியால் எழுதும் படமும் அந்த ஒரு மனிதரிடத்தில் ஒன்றாகக் கலந்தன.

பழசாகிப் போன படம்

நான்காவது படம் மதுரையில் ஒரு வீட்டில் கிடந்த பழைய அட்லஸ் புத்தகம். அதைப் புரட்டியவர் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன்; பிற்காலத்து ஸ்ரீ ரமண மகரிஷி.

1895-ஆம் வருஷத்துக் கடைசியில் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னபோது பையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அருணாசலம் என்பது மனத்தில் மட்டும் இருக்கும் புனிதப் பெயர் என்று அவன் நினைத்திருந்தான். அது ரயிலில் போய் இறங்கக்கூடிய ஊர் என்று அன்றுதான் தெரிந்தது. மறு வருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி வீட்டை விட்டுப் புறப்படத் தீர்மானித்தான். தமையனாருடைய காலேஜ் சம்பளத்துக்காக எடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டான். வழி பார்க்க அட்லஸைப் புரட்டினான். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று கண்டான்.

ஆனால் அந்த அட்லஸ் அச்சான பிறகு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குக் கிளைப் பாதை போட்டாயிற்று! படம் பொய் சொல்லவில்லை. அது அறிந்த காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ரயிலடியில் கட்டண அட்டவணையைப் பார்த்த பையன் திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா என்று கண்டதோடு நிறுத்திக்கொண்டான். இன்னும் சில வரிகள் கீழே பார்த்திருந்தால் திருவண்ணாமலையின் பெயரையே கண்டிருப்பான் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான், விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று பையனுக்குச் சொன்னார். அருணாசலத்துக்கு வழி காட்டியவர் ஒரு முஸ்லிம் பெரியவர் என்பது நம் நாட்டுக்குப் பெருமை தரும் செய்தி. விழுப்புரத்தில் இறங்கிய பையனிடம் மிச்சமிருந்த காசு மாம்பழப்பட்டு வரைதான் காணும். அங்கிருந்து நடை, அறையணிநல்லூர்க் கோயில், பிறகு கீழூர். அங்கே ஒரு பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைத்து ரயில் சத்தத்துக்குப் பணம் தேடிக்கொண்டு, செப்டம்பர் முதல் தேதி காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தான்.

அந்தக் கடைசி மைல்களை அவனுக்குக் காட்டிய படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எதிரே வந்தவர்களின் வாய்ச் சொல்லே படமாயிற்று. எழுதிய நாள் எது என்று கேட்காமல் எந்தப் படத்தையும் நம்பலாகாது என்ற பாடத்தை இந்தச் சிறு சம்பவம் போல விளக்குவது வேறு இல்லை.

எல்லைக் கோடுகளுக்கும் இதே கதிதான். 1906-ஆம் வருஷத்தில் வெளியான தென்னார்க்காடு கெஜட்டியரில் திருவண்ணாமலைத் தாலுகா இருக்கிறது. பிறகு அதே ஊர் வடஆர்க்காட்டில் சேர்ந்தது. 1989-ஆம் வருஷத்தில் தனி ஜில்லாவுக்குத் தலைநகராயிற்று. மலை ஓர் அங்குலமும் நகரவில்லை. கோடுகள்தாம் அதன்மேல் நகர்ந்து கொண்டிருந்தன.

ஆசையால் எழுதிய படம்

ஐந்தாவது படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். பஞ்சபூத ஸ்தலங்கள் ஐந்தையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, நம் முன்னோர் கோயில்களை ஒரே தீர்க்கரேகையில் கட்டினார்கள் என்று மெய்சிலிர்த்துச் சொல்லும் படம் அது. வீட்டுக்கு வருகிறவர்களும் இதைச் சொல்லுகிறார்கள், கைபேசியிலும் உலவுகிறது.

எந்த நல்ல தேசப் படத்தையும் விரித்துச் சரிபார்த்து விடலாம். வாயு ஸ்தலமான காளஹஸ்தி, பிருதிவி ஸ்தலமான காஞ்சி, ஆகாச ஸ்தலமான சிதம்பரம் ஆகிய மூன்றும் கிழக்குத் தீர்க்கரேகை 79 டிகிரி 42 நிமிஷத்தை ஒட்டி நிற்கின்றன. காளஹஸ்திக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே 260 கிலோமீட்டர் தூரம் இருக்க, மூன்றும் இப்படி ஒரு கோட்டில் அமைந்தது வியப்புத்தான், இல்லையென்பார் யார்? ஆனால் அக்னி ஸ்தலமான திருவண்ணாமலை 79 டிகிரி 4 நிமிஷத்தில் இருக்கிறது. அதாவது அந்தக் கோட்டுக்கு மேற்கே 65 கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. அப்பு ஸ்தலமான திருவானைக்காவலோ 78 டிகிரி 42 நிமிஷத்தில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஐந்தையும் ஒரு கோட்டில் நிறுத்த வேண்டுமானால் காவேரியையும் அருணாசலத்தையும் பெயர்த்துக் கிழக்கே கொண்டு வர வேண்டும்!

இதைச் சொல்வதால் ஸ்தலங்களின் மகிமை குறைந்துவிடுமா? ஒருநாளும் இல்லை. மகிமைக்கு நேர்கோடு அவசியமன்று. தாலமி இலங்கையை ஊதிப் பெருக்கினால் சிரிக்கும் நாம், நம் ஆசைக்காகக் கோயில்களை இடம் மாற்றி வைப்பது நியாயமாகாது. முன்னோர் பெருமையைப் பேச உண்மையான சான்றுகள் ஏராளமாக இருக்கும்போது, பொய்க் கோட்டின்மேல் அதை நிறுத்துவானேன்? யாராவது ஒரு பள்ளிச் சிறுவன் அளவுகோலைக் கையில் எடுத்த அன்றைக்கு அந்தப் பெருமை சரிந்து விழும்.

அந்த ஐந்து ஸ்தலங்கள் உண்மையாகவே சொல்லுகிற செய்தி வேறு. நான்கு இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன. காளஹஸ்தி ஆந்திரத்தில் இருக்கிறது. மாகாண எல்லைகள் வகுக்கப்பட்ட காலத்தில் வாக்குவாதங்கள் எத்தனையோ நடந்தன. 1960-இல் திருத்தணி தமிழகம் வந்தது. ஆனால் யாத்திரிகனுடைய படத்தில் அந்த எல்லைக் கோடு அன்றும் இல்லை; இன்றும் இல்லை.

மழை எழுதிய படம்

ஆறாவது படத்தைத் துக்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த பெருமழையில், திருவண்ணாமலை மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

அன்று மழை தன் படத்தைத் தானே எழுதிற்று. தண்ணீர் எந்த வழியே இறங்கும், எந்தச் சரிவில் மண் நிற்கும், எந்தச் சரிவில் நில்லாது என்பதையெல்லாம் ஒரே இரவில் மலையின்மேல் கீறிக் காட்டிவிட்டது. நாம் மேலே கண்ட படங்களில் திசை இருந்தது, தூரம் இருந்தது, ரயில் பாதை இருந்தது, பக்தி இருந்தது. சரிவும் நீர்வழியும் சாமானிய ஜனங்களுடைய கையில் உள்ள எந்தப் படத்திலும் இல்லை. மலையடிவாரத்தில் குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஊருக்குள் மனை வாங்க வழியில்லாமல் அவர்கள் மேலே ஏறுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லுவது சுலபம். இந்த இடத்தில் வீடு கட்டாதே என்று முன்னதாகவே எடுத்துக் காட்டும் படத்தை அவர்களுக்குக் கொடுத்து, கட்டத் தகுந்த வேறு இடத்தையும் கொடுப்பதுதான் கடமை.

அப்படிப்பட்ட படத்துக்கு வேண்டிய விவரங்கள் நாட்டில் இல்லாமற் போகவில்லை. சங்கிலி சர்வேயின் வழிவந்த கிராமப் படமும் புலப்படமும் ஒவ்வொரு ஊருக்கும் இருக்கின்றன. அவற்றில் ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று நீர்வழிகளுக்குத் தனித்தனி சர்வே நம்பர் கொடுத்திருக்கிறார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போய்க் காத்து நிற்க வேண்டியதுமில்லை. அரசாங்கத்தின் இணையதளத்திலேயே புலப்படத்தை இப்போது பார்க்க முடிகிறது. பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? மனை வாங்கப் போகும்போது நட்சத்திரம் பார்க்கிறோம். மனையடி சாஸ்திரம் பார்க்கிறோம். ஈசானிய மூலை எங்கே என்று ஆள் வைத்துப் பார்க்கிறோம். அந்த மனைக்கு நடுவே முன்பு ஓடை ஓடியதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஓடை நம் பத்திரத்தைப் படித்ததில்லை. மழை வந்தால் அது தன் பழைய நான்கெல்லைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

ராஜராஜனுடைய அதிகாரிகள் பெண் யானையைப் பின்தொடர்ந்து நடந்து, நீர்வழிகளைப் பெயர் சொல்லிக் குறித்து வைத்தார்கள் என்று பார்த்தோம். அந்த வித்தையை நாம் மறுபடியும் கற்க வேண்டும். அதற்குக் கோணமானி வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். விடுமுறை நாளில் வீட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். மழைத் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வருகிறது, எந்தச் சாக்கடையில் விழுகிறது, எந்தக் குளத்தைத் தேடிப் போகிறது, நடுவில் எந்தச் சுவர் அதை மறிக்கிறது என்று நடந்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். தெருவில் உள்ள மிகவும் வயதான பாட்டியிடம், முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்டு, அதையும் புள்ளிக் கோடாகப் போடச் சொல்லுங்கள். அந்தப் படத்தைக் கிராமப் படத்தோடு ஒத்துப் பார்த்தால் எங்கே வேறுபாடு என்பது உடனே விளங்கும். வேறுபாடு கண்ட இடத்தில் நகராட்சியையோ பஞ்சாயத்தையோ கேள்வி கேட்பது பிரஜையின் உரிமை.

அந்நியன் நம் நாட்டை அளந்தது ஆளுவதற்காக. நாம் அளக்க வேண்டியது வாழ்வதற்காக. அண்ணாமலையைச் சுற்றி நடக்கும் லட்சக்கணக்கானவர்கள் எட்டு லிங்கங்களோடு கூட, மலையிலிருந்து இறங்கும் ஓடைகளையும் ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு நடப்பார்களானால், அதுவும் கிரிவலத்தின் பலனில் சேரும் என்றே நாம் நம்புகிறோம்.